எரிவாயு தீர்ந்த வீட்டில் ஒரு பிள்ளைப்பேறு

என் மூத்த மகள் பிறந்தபோது, அவள் பிறந்த அறையிலிருந்து முப்பதடி தொலைவில், ஆண்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையின் அடியில், ஓர் இரும்பு நாற்காலியில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினொரு மணி நேரத்தில் நான் ஆற்றிய பணிகள் இரண்டு. மூன்று தாள்களில் கையெழுத்திட்டேன். வேறு யாருக்கோ பிறந்த ஆண் குழந்தைக்காக, ஆள் தெரியாத ஒரு பெரியவரிடம் வாழ்த்துப் பெற்றுக்கொண்டேன்.

உள்ளே என் மனைவிக்கு 'நாலாம் பெட்' என்று பெயர். அவளைக் கவனித்தவர்கள் திறமையானவர்கள். குழந்தையும் தாயும் நலமாகவே வீடு திரும்பினர். ஆனால் வலி உச்சத்தில் இருந்தபோது அவள் தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அறிமுகமற்ற முகங்களாகவே இருந்தன. ஆறாண்டுகளுக்குப் பின் மறுபடி கருவுற்றதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"இந்தத் தடவ தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது எதுத்தாப்பல இருக்கோணுங்க. அது உங்க மூஞ்சியா இருந்தாலுஞ் சரி, பொறுத்துக்கறேன்."

இதைவிடப் பெரிய காதல்மொழியை எங்கள் திருமண வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

கணவரை உள்ளே விடுவோம் என்ற மருத்துவமனைகளையும் விசாரித்தோம். கடைசி நேரத்தில் கதவு என்ன செய்யும் என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. அப்போதுதான், மகப்பேற்றுப் பிரிவில் இருபது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் வீட்டுப் பேறு பார்க்கும் செவிலி ஒருவர் கிடைத்தார். கோட்டைமேட்டு வணிகக் குடும்பத்துப் பெண்மணி. முக்காட்டுக்குக் கீழே எதற்கும் அசையாத இரண்டு கண்கள். 'சிஸ்டர்' என்றுதான் எல்லோரும் அழைத்தோம். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, குழந்தையின் தலை கீழே இருக்கிறது, பத்து நிமிடத் தொலைவில் மருத்துவமனை என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே மருத்துவர் தலையசைத்தார். கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடும் வீரர்களின் கூட்டத்தில் எங்களைச் சேர்க்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்லி வைக்கிறேன்.

சிஸ்டர் முன்கூட்டியே வந்து வீட்டில் உள்ள எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். வேலையில்லாமல் சுற்றும் உறவு தொந்தரவு, வேலையுள்ள உறவே உதவி என்பது அவர் கொள்கை. வலி வரும்போதெல்லாம் மனைவியின் இடுப்பை உள்ளங்கையால் அழுத்துவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் பொறுப்பு. தாய்க்கு இளநீர் கொடுப்பது மகளின் பொறுப்பு. அவளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கத்துவாள், அது நல்ல கத்தல் என்று பொறுமையாக விளக்கினார். மகள் அன்றிலிருந்து பள்ளிப் பேருந்தில் எல்லோருக்கும் அதை விளக்கிவந்தாள்.

"வண்டி எப்பவும் கேட்டப் பாத்து நிக்கோணுங்க. சாவி ஆணில தொங்கோணும். போலாம்னு நான் சொன்னா, ஏன்னு யாருங் கேக்கக் கூடாது" என்றார் சிஸ்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் சொல்ல மறந்தது ஒன்றே ஒன்று. சொல்லாததால் அதைச் செய்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வலி தொடங்கியது. ஏழு மணிக்குச் சிஸ்டர் வந்துவிட்டார். நான் கைப்பேசியை எடுத்து உடுமலைப்பேட்டைக்கு அப்பால் தென்னந்தோப்பில் வாழும் மாமனாருக்குச் செய்தி சொன்னேன். பெண்ணைப் பெற்றவருக்குச் சொல்வது முறை. ஆனால் பெண் வீட்டுக்குச் சொல்லிவிட்டு என் பெரியப்பா வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? பெரியப்பா வீட்டுக்குச் சொன்ன பிறகு சித்தப்பா வீடு? எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வாய்ப்பேச்சாகச் சொல்லி ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால், 'எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேங்க' என்ற குறை அடுத்த தலைமுறையின் திருமணம் வரை உயிரோடு இருக்கும். இடுப்பை அழுத்த வேண்டிய கையால் பதினான்கு வீடுகளுக்கு அழைத்தேன்.

எட்டரை மணிக்கு வாசலில் ஆறு வண்டிகள். வெறுங்கையோடு வருவது எங்கள் உறவினரின் இரத்தத்திலேயே இல்லை. இனிப்புக்கு ஒப்புட்டு வந்தது. ஒரு சாக்கு தேங்காய் வந்தது. பெற்றவளுக்குச் சாறு வைப்பதற்கென்று ஒரு நாட்டுச் சேவல் உயிரோடு வந்து வாசற்கதவில் கட்டப்பட்டது. தன் எதிர்காலம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், விடாமல் கூவியது. கூடத்தில் ஆண்கள் தேங்காய் விலை பேசினர். பெரியம்மா சமையலறையைக் கைப்பற்றி, இருபத்தைந்து பேருக்கு அரிசிம்பருப்புச் சாதம் என்று அறிவித்து, வெங்காயம் உரிக்க இருவரை அமர்த்தினார். நடுநடுவே யாராவது ஒருவர் அறைக்கதவை ஒருக்களித்துத் தலையை நீட்டினார்.

"அம்மணி, எப்படியிருக்குது? வலி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"செரி செரி, நீ பாரு" என்று அவர் போனதும் அடுத்தவர்.

அந்த ஒரு மணி நேரத்தில் என் மனைவி பதினெட்டுப் பேருக்கு முகமலர்ச்சியோடு மறுமொழி சொன்னாள். வலி வரும்போது பல்லைக் கடித்து அடக்கினாள். ஒரம்பரை என்னும் உறவுக்கூட்டம் கூடத்தில் இருக்கும்போது வீட்டுப் பெண் கத்துவதா?

ஒன்பதரை மணிக்குச் சிஸ்டர் அவள் வயிற்றின் மேல் கைவைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைக்கருவியில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார். பிறகு என்னைக் குளியலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

"கொழந்த நல்லா இருக்குதுங்க. அம்மணிக்குத்தான் வலி நின்னுபோச்சு. பனிக்கொடம் ஒடஞ்சு மூணு மணி நேரமாச்சு. டாக்டருகிட்டப் பேசிட்டேன். பதினொண்ணு வரைக்கும் பாப்பேன். அப்பறம் வண்டிதான்."

"ஏன் நின்னுபோச்சுங்க?"

"சந்தைல உக்காத்தி வெச்சுப் புள்ள பெறச் சொன்னா யாருக்கு வருமுங்க? ஒரம்பரைய மொதல்ல வெளிய தாட்டி உடுங்க."

"எப்பிடிங்க சிஸ்டர்?"

"கூப்புட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

மனைவி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருந்தது. "மறுக்கா அந்த ரூமுக்கே போறனாங்க?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, பேருந்து நேரம் கேட்பதைப் போலக் கேட்டாள். ஆணியில் தொங்கிய சாவியை நான் பார்த்தேன்.

கூட்டத்தைக் கலைக்கும் உறுதியோடு கூடத்துக்கு வந்தேன். இருபத்தைந்து முகங்கள் என்னை நோக்கித் திரும்பின. தொண்டையைச் செருமினேன். நெஞ்சை நிமிர்த்தினேன். வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

இல்லை என்று ஒன்பது பேர் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமனார் உடுமலையிலிருந்து வந்து இறங்கினார். மாடு, தென்னை, நீர் ஆகிய மூன்றைத் தவிர உலகில் வேறெதுவும் பேசத் தக்கதல்ல என்று கருதுபவர். என் வேலை என்னவென்று பத்தாண்டுகளாகியும் அவர் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. கொல்லைப்புறத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய் நிலைமையைச் சொன்னேன். வீட்டில் பிள்ளை பெறுவதையே ஏற்காதவர். இப்போதே சாவியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அட, கன்னு போடற மாட்ட வேடிக்க பாக்க நாலு பேரு நின்னா, அது அடக்கிப்போடும் மாப்பிள்ள. மாட்டுக்கே அப்பிடின்னா, என்ற புள்ளைக்கு?" என்றார். "இத ஏன் என்னியக் கேக்கறீங்க? போகச் சொல்ல வேண்டீதுதான?"

"வாய் வரலைங்க மாமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் பத்தாண்டு ஐயம் தீர்ந்துபோனது. பிறகு குனிந்து, கொல்லைச் சுவரோரம் இருந்த எரிவாயு உருளையின் திருகை இறுக்கி மூடினார். உள்ளே பெரியம்மா, "ஏனுங்க, அடுப்பு அணஞ்சுபோச்சே!" என்று குரல் கொடுத்தார்.

மாமனார் கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"ஏனுங்க, எல்லாரும் எந்திரிங்க. மாப்பிள்ள ஊட்ல கேஸு தீந்துபோச்சு. வேற சிலிண்டரும் இல்லையாமா. நெறமாசக்காரிய ஊட்ல வெச்சுக்கிட்டு ஒரு சிலிண்டரு வாங்கிப் போடறதுக்குத் துப்பில்லாத மனுசனுக்குப் பொண்ணக் குடுத்துப்போட்டேன், என்ன பண்றதுங்க? வாங்க, பக்கத்துல மெஸ்ஸு இருக்குது, நான் சோறு வாங்கித் தாரேன்."

கூடமே என்னை இரக்கத்தோடு பார்த்தது. "படிச்சவிகளே இப்பிடித்தானுங்க" என்றார் சித்தப்பா. வந்த விருந்தாளிக்குச் சோறு போட வக்கற்றவன் என்பதற்கு மேல் எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தலைவனுக்கு வசை கிடையாது. அதை என் கூடத்திலேயே, என் பிளாஸ்டிக் நாற்காலிகளின் நடுவே, என் மாமனார் வாயால் வாங்கிக்கொண்டேன். நிறைந்த உருளை இன்னொன்று மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சொல்லவில்லை. பெரியம்மா மட்டும், "சேவலு?" என்றார். "அது இருக்கட்டுமுங்க, அதுக்கு மெஸ்ஸு சோறு சேராது" என்றார் மாமனார். கால் மணி நேரத்தில் வாசல் காலி.

அறைக்குள் நுழைந்தேன். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஒரு சிலிண்டரு வாங்கிப் போடறதுக்குத் துப்பில்லீங்களா?" என்று தன் தந்தையின் குரலிலேயே கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். சிஸ்டரும் முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பின் நடுவிலேயே மனைவியின் முகம் மாறியது. என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். வலி திரும்பிவிட்டது. இம்முறை அவள் அடக்கவில்லை. தெருமுனை வரை கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள்.

"நல்ல கத்தல்" என்றாள் மகள், இளநீரைப் பிடித்தபடி.

பதினொரு மணி வந்தபோது சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார், மருத்துவருக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஆணியின் பக்கம் திரும்பவில்லை. நான் இடுப்பை அழுத்தினேன். மேலே என்றாள், கீழே என்றாள், கையை எடுங்க என்றாள், யாரு எடுக்கச் சொன்னது என்றாள். ஒரு கட்டத்தில் நான் அவள் எதிரே போய் மண்டியிட்டேன். வலி உச்சத்துக்குப் போனபோது அவள் கண்கள் அறையெங்கும் அலைந்து, என் மேல் வந்து நின்றன.

"மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காதீங்க. பயமா இருக்குது."

மாற்றிக்கொண்டேன். என்ன முகமாக மாற்றினேன் என்பது தெரியாது. அவள் பார்வையை விலக்கவில்லை.

"அப்பா, உங்களுக்கா வலிக்குது? ஏன் அழறீங்க?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு மறுமொழி சொல்வதற்குள் சிஸ்டரின் கைகளில் ஈரமும் சினமுமாக ஒரு பையன் இருந்தான். அவர் அவனைத் துடைத்து, தாயின் மார்பின்மேல் அப்படியே படுக்கவைத்துப் போர்த்தினார். தொப்புள்கொடி துடிப்பதை நிறுத்தும் வரை காத்திருந்து, பிறகே வெட்டினார். எடை பார்க்கக் கூட உடனே எடுக்கவில்லை. வாசலில் சேவல் கூவியது.

பழக்கதோஷத்தால் என் கை சட்டைப்பைக்குப் போனது. மெஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சொன்னால் அன்று வராதவர்களுக்கும் சொல்ல வேண்டும். மனைவி கையை நீட்டினாள். குழந்தையைத் தொடச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கைப்பேசியை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரத்துக்கு யாருக்குஞ் சொல்லோண்டாமுங்க."

"குறை சொல்லுவாங்க."

"சொல்லட்டும்" என்றாள். கண்ணை மூடியிருந்த அந்தப் புதிய முகத்தை விட்டு அவள் பார்வை நகரவில்லை.