துடியலூர் துண்ணூறு

தொண்ணூறுகளில் நான் கோவையில் ஆராய்ச்சி மாணவி. எலும்பின் வெள்ளைத் தூளை வில்லையாக அழுத்தி அதன்மேல் லேசரை அடித்தால் ஆவி கிளம்பி, எதிரே இருக்கும் டைட்டானியம் தகட்டில் மெல்லிய படலமாகப் படியும். முறிந்த எலும்பில் வைக்கும் தகட்டுக்கு இப்படிப் பூச்சு கொடுத்தால் உடம்பு அதை அந்நியமாக நினைக்காது. இதுதான் என் ஆராய்ச்சி.

என் கைடு முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். "நம்ம லேபுக்குள்ள எலும்பு கிலும்பு வரக்கூடாதுங்க அம்மணி. கெமிக்கலாவே வாங்கிக்கலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கெமிக்கலுக்கான ஃபைலோ எட்டு மாதமாக ஆபீசில் தூங்கியது. பொறுத்துப் பார்த்துவிட்டுத் துடியலூர் கறிக்கடைக்குப் போனேன்.

"சூப்புக்குங்களா அம்மணி?"

"இல்லீங்க, லேசருக்குங்க."

கடைக்காரர் ஒரு எலும்பு கூடுதலாகப் போட்டார். பாவம் என்று நினைத்திருப்பார்.

வேகவைத்து, உலையில் சுட்டு, அரைத்தால் பால்போல் வெள்ளைத்தூள். வேறு காலேஜில் கேட்டு வாங்கிய கெமிக்கல் என்று கைடிடம் புளுகினேன். தெரிந்தால் என் பிஎச்.டி. அன்றோடு சரி.

ஆயுத பூஜையன்று லேபுக்குள் நுழைந்தால், லேசருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. என் மேசையில் எலும்புத்தூள் வைத்திருந்த கிண்ணம் காலி.

"பழனி துண்ணூறு தீந்துபோச்சுங்க. உங்க கிண்ணத்துல இருந்ததை எடுத்து எல்லாருக்கும் வெச்சுப்போட்டேனுங்க" என்றார் அட்டெண்டர்.

திரும்பினேன். கைடின் நெற்றியில் திருநீறாக மூன்று பட்டை, பளிச்சென்று.

"ரொம்ப நைஸா இருக்குதுங்களே. எந்த ஊர்த் துண்ணூறு அம்மணி?"

"துடியலூருங்க சார்."

அதுவரை என் படலமெல்லாம் பழைய சுவர்ச் சுண்ணாம்பாக உரிந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வாரம் ஒட்டிக்கொண்டது. தகட்டை நான் கூடுதலாகச் சூடாக்கியதுதான் காரணம். கைடு ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு லேசர் ஓட்டும் நாளெல்லாம் அவருக்குத் துடியலூர் துண்ணூறு வேண்டும். வில்லைக்கு ஒரு பங்கு, நெற்றிக்கு ஒரு பங்கு என்று ஒரு வருடம் அரைத்தேன். ஒவ்வொரு முறையும் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "இது மனுசங்க தோல்ல பட்டா ஒண்ணும் ஆகாதுங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?"

ஆதாரம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில், மூன்று பட்டையோடு, 'தைரியமாகச் சொல்' என்று எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"அந்தச் சோதனை இன்னும் செய்யலீங்க சார்" என்றேன்.