தவக்கால வெள்ளியும் இரண்டு வவ்வாலும்

அந்த வருஷம் சாம்பல் புதனும் சீனப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்தன. அத்தையைப் பெண் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் குறித்தபோது சித்தப்பா மாதா கோயில் காலண்டரை மட்டும்தான் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ரயில்வேயில் லீவு கிடைத்தது அந்த வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளி, கறி கூடாது. அதனாலென்ன, மீன் விருந்து போட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. நாங்கள் இருந்தது கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய மீனவக் கம்பம், அதாவது கிராமம்.

“ஈக்கான்தானே? எங்க வீட்டுப் பின்னாலயே வந்து எறங்கும்லா,” என்று போனில் அவர்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.

கம்பத்துப் படகுக்காரர்கள் எல்லோரும் சீனர்கள். புத்தாண்டு என்றால் ஒரு வாரத்துக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த சித்தப்பாவுக்கு இது வியாழக்கிழமை காலையில்தான் உறைத்தது. படகுகள் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. பாசாரில் கருவாடு மட்டும் இருந்தது.

அத்தைக்கு இருபத்தொன்பது வயது. முன்னால் வந்த இரண்டு இடமும் காப்பியைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போயிருந்தன. அவர் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறவர் அவர்தான் என்பதால் எனக்கும் அழுகை வந்தது.

துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சித்தப்பா, ஒரு தூண்டிலை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். மதியம் இடுப்புவரை சேற்றோடு வந்தார். ஒரு செருப்பைக் காணோம். கையில் ஒரு சாண் கெளுத்தி. அதன் முள் குத்தி உள்ளங்கை பன் மாதிரி வீங்கியிருந்தது. யார் யாரைப் பிடித்தது என்று கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடைக்குப் போய் ஆறு டின் சார்டின் வாங்கி வந்து, வெள்ளி காலையில் ஒரு சட்டி புளிக்குழம்பு வைத்தார். அத்தை அந்தச் சட்டியைப் பார்த்து மறுபடியும் அழுதார்.

பக்கத்து வீட்டு ஆ பெக் படகுக்காரர். புத்தாண்டுக்கு அவர்கள் கொடுக்கிற ஆரஞ்சை வாங்கப் போனபோது அவர் வீட்டு ஐஸ் பெட்டியில் இரண்டு பெரிய வெள்ளை வவ்வால் மீன் கிடந்ததைப் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல் வேலி தாண்டிப் போய், அத்தைக்குக் கல்யாணம் ஆகணும், வீட்டில் மீன் இல்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சந்தேகம் வேண்டாம் என்று ஐஸ் பெட்டியையும் கையால் காட்டினேன். அவர் மனைவி சீனத்தில் ஏதோ உரக்கச் சொன்னார். மூன்று பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். ஆ பெக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு மீனையும் பேப்பரில் சுற்றி, “அம்பில் லா,” எடுத்துக்கொண்டு போ என்றார்.

ஆ பெக் கொடுத்தார் என்று நீட்டியதும் அம்மா தயங்கி வேலிப்பக்கம் பார்த்தார். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. அம்மா கத்தியை எடுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார். “தெனமும் இந்த மீனுதானா உங்க வீட்ல?”

“வேற மீனு போட்டா பிள்ளைங்க தொடவே மாட்டாங்கக்கா,” என்றார் சித்தப்பா, வீங்கிய கையை மேசைக்கடியில் மறைத்தபடி.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டே அவர்கள் கிளம்பினார்கள். நான்தான் இந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சார்டின் குழம்பு தொடாமல் அப்படியே இருந்தது. அம்மா அதைச் சட்டியோடு என்னிடம் கொடுத்து ஆ பெக் வீட்டுக்கு அனுப்பினார். அங்கேயும் விருந்தாளிகள். ஆ பெக் மனைவியின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். வட்ட மேசையின் நடுவில் சட்டியை வைத்ததும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஆ பெக் படகில் வரும் வவ்வாலெல்லாம் முதலாளி தவுக்கேயின் லோரியில் ஏறிப் போவதையும், அவர் வீட்டுக்கு எடுத்துவரும் பையில் விலைபோகாத பொடிமீன் மட்டும் இருப்பதையும் ஒவ்வொரு சாயங்காலமும் பார்த்தவள்தான் நான். ஆனாலும் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்: பாவம்மா, தினமும் வவ்வால் தின்று அவர்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது, டின் மீனை எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் தெரியுமா.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அம்மா அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.