நாலு பலகையும் ஒரு தார்ப்பாயும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் உறைக்காரர். டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை, சைக்கிள் சீட்டுக்கு உறை, அந்த உறை கிழிந்துவிடக் கூடாதென்று அதன்மேல் இன்னோர் உறை. கல்யாணத்தின்போது வாங்கிய நாற்காலியில் இன்றுவரை ஒரு ஜீவன் உட்கார்ந்ததில்லை.

உறை இல்லாமல் அவர் வைத்திருந்த ஒரே பொருள் பழைய தோள்பை ஒன்று. கோடையிலும் அவர் வயல் கிணற்றில் தண்ணீர் கிடக்கும். ஆனால் இறைக்கிற டீசல் எஞ்சின் செடியைவிட அதிகமாகக் குடிக்கும், கட்டுப்படியாகாது. தக்காளி கண்முன்னே காயும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய் ஏதாவது கட்டடத்துக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்துவிடுவார். அக்கா இங்கே தனியாகக் கிடப்பாள்.

இந்த வருஷம் மானியத்தில் சோலார் பம்ப் வந்தது. வயலோரம் உயரமான இரும்புக் கால்களின்மேல் நாலு சோலார் பலகை, கிணற்றில் மோட்டார். டீசல் வேண்டாம், கரண்ட்டுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். வெயிலைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளையாத எங்கள் பக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் நாள் தண்ணீர் கொட்டியதைப் பார்த்து அக்கா அழுதேவிட்டாள். தக்காளியும் பூத்தது.

பிறகு தண்ணீர் நூலாக இளைத்தது. பூ உதிரத் தொடங்கியது. உறைக்காரர் பையைத் தூசி தட்டி எடுத்து வைத்துவிட்டு, பம்ப் மெக்கானிக்கை வரவழைத்துச் சண்டைக்கு நின்றார்.

"வெயில்ல பிரஷரே இல்லப்பா!"

மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். இரண்டு பலகைகளின்மேல் தார்ப்பாய், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்னங்க?"

"ரெண்டு ஓடுதுல்ல? அது தேஞ்சதும் இதைப் பிரிப்போம். நாலையும் ஒரேயடியா வெயில்ல போட்டுக் கெடுக்கணுமா?"

மெக்கானிக் தலையில் கைவைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சோலார் பலகையை வெயிலிடமிருந்து காப்பாற்றிய முதல் விஞ்ஞானி எங்கள் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையாக வாய்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அக்கா ஏணி வைத்து ஏறினாள், கயிற்றை அவிழ்த்தாள், தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு வாய் நிறையக் கொட்டியது. தண்ணீர் கடைசிப் பாத்திவரை ஓடியது.

அவர் அவசரமாகத் தார்ப்பாயை மடித்தார். "நல்ல பாய், வீணாப் போகக் கூடாது..."

"குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனாள். அந்தத் தோள்பையைத் தார்ப்பாயில் சுற்றி, அதே கயிற்றால் இறுக்கிக் கட்டி, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"பரண்ல போடுங்க. தேயாம இருக்க வேண்டியது இதுதான்."