அம்மாவிடம் இல்லாத இறப்புப் பத்திரம்

அம்மா மறைந்து ஓராண்டு முடிந்து, திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "நல்லத மட்டும் எழுதும்மா, பத்துப் பேரு படிக்கறது" என்று மாமா இரண்டு தடவை போன் போட்டுச் சொல்லிவிட்டார். அம்மாவைப் பற்றிக் கெட்டதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் அரசல்புரசலாகக் கேள்விப்பட்ட அந்தப் பத்திர விஷயத்தை மகள் நானே சொல்லிவிடுகிறேன். இனிமேலாவது கோயிலில் என் முதுகுக்குப் பின்னால் பேச வேண்டியிருக்காது.

அம்மா பிறந்தது அம்பாங் பெச்சா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. கல்யாணமும் அங்கேதான். எனக்கு ஐந்து வயதாகும்போது என்னைத் தூக்கிக்கொண்டு, யாரையும் தெரியாத புக்கிட் பெலிம்பிங் பக்கம் வந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலையில் சேர்ந்தார். இடுப்பு ஒடிகிற வேலை. மூட்டைக் கணக்கு எழுதும் மண்டோர் தவறிப்போய் ஒரு மூட்டை கூட்டி எழுதிவிட்டால்கூட அம்மாவே போய்த் திருத்தச் சொல்வார். பிழைக்கத் தெரியாதவர் என்று லயத்தில் பெயர்.

என்னை முதலாம் ஆண்டில் சேர்த்தபோது, தகப்பனார் இறந்துவிட்டார் என்று பள்ளி விண்ணப்பப் பாரத்தில் எழுதச் சொன்னார். அடுத்தடுத்த பாரங்களில் அதுவே தொடர்ந்தது. நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் படையலில் இறந்துபோன தாத்தாவுக்கு வேட்டி வைப்பார், பெரியம்மாவுக்குச் சேலை வைப்பார். "அப்பாவுக்கு ஏம்மா ஒண்ணும் வைக்கல?" என்று கேட்டால், "வாய மூடிட்டுக் கும்புடு" என்று அதட்டுவார்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலும் நன்றாகவே போனது. பிறகு ஆவணச் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. பத்து நாள் அவகாசம். பெற்றோரின் அடையாளக் கார்டு, அதாவது ஐ.சி., நகல் வேண்டும். இறந்திருந்தால் இறப்புப் பத்திரம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடம் போய்விடும். மற்ற எல்லாவற்றையும் இரண்டே நாளில் சேர்த்துவிட்டேன். அம்மாவிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அது வெள்ளத்துல போச்சு."

"போனா பரவால்லம்மா, பதிவு இலாகால வேற எடுத்துக்கலாம்."

இன்று வேலை என்றார், நாளை காய்ச்சல் என்றார். நான்கு நாள் அப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். முகப்பில் இருந்த அதிகாரி, என் பிறப்புப் பத்திரத்தில் இருந்த தகப்பனார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த எண்ணுக்கு இறப்புப் பதிவே இல்லை என்றார். நான் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அவரு ரவாங்ல இருக்காரு. சாகல."

இறந்துவிட்டார் என்றால் பத்திரம் இல்லை. இருக்கிறார் என்றால் பதிமூன்று வருடமாக எழுதிய எல்லாப் பாரமும் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் பார்க்க, "ஏன்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தினேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் விடியற்காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, "வா, போலாம்" என்றார்.

ரவாங்கில் கதவைத் திறந்தது வேறொரு பெண். பின்னால் வந்து நின்றவருக்கு என்னுடைய மூக்கு. அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஐ.சி. காப்பி வேணும். புள்ளைக்கு யூனிவர்சிட்டில கேக்கறாங்க."

அவர் அம்மாவின் பொட்டில்லாத நெற்றியையே பார்த்தார். "நான் இருக்கறப்பவே இது என்ன லா கோலம்?"

"எனக்கு நீங்க செத்து ரொம்ப நாளாச்சு. காப்பி குடுங்க."

நகல் எடுக்கும் கடைவரை மூன்று பேரும் நடந்தோம். தாய் தகப்பன் இருவரோடும் நான் நடந்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

எங்கள் பக்கத்து டவுனான கோலசிலாங்கூர் திரும்பியதும், முன்பு கொடுத்த தகவல் தவறு, என் கணவர் உயிருடன் இருக்கிறார் என்று அம்மா சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டார். சரிபார்ப்பு நாளில் அந்தக் காகிதத்தை ஒருவர் இரண்டு நிமிடம் படித்துவிட்டு, தலையாட்டிக் கோப்பில் சேர்த்தார். இடம் கிடைத்தது.

செய்தி தோட்டம் முழுவதும் பரவியது. இனிப் பொட்டு வைக்கலாமே என்று சிலர், எப்படி வைப்பாள் என்று சிலர். அம்மா சுமங்கலியாகவும் இருக்க முடியாமல், விதவையாகவும் இருக்க முடியாமல், விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். நான் விடுதிக்குப் புறப்பட்ட காலையில்தான் காரணம் சொன்னார்.

"வுட்டுட்டு ஓடிட்டாருன்னா, உன்ன வேணாம்னு போனாருன்னு நெனப்ப. செத்துட்டாருன்னா அந்த நெனப்பு வராதில்ல?"

அப்போது எனக்கு அது புரியவில்லை. பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அம்மாவை என்னோடு வைத்துக்கொண்ட பிறகும் என் பேச்சில் ஒரு முள் இருந்தது. அவருக்கு அது தெரியும்.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்த்த அன்று, கட்டிலில் படுத்தபடி, "இன்னும் கோவமா?" என்று கேட்டார். நான் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன். "ஐ.சி.ய எங்க வெச்சீங்க, அத மொதல்ல சொல்லுங்க" என்றேன். சொன்னார். அதன்பின் அவருக்குப் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் காலமானார்.

மருத்துவமனையில் என்னோடு முறை வைத்து உட்கார்ந்த மாமாவுக்கும், இறுதிச் சடங்கை எடுத்து நடத்திய லயத்து மக்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ரவாங்கிலிருந்து வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று போனவருக்கும் நன்றி.

கோபம் இல்லைம்மா. அது போய் ரொம்ப நாளாகிறது. அன்றைக்கே பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.