ஓதிய தண்ணீரும் மாமாவின் வேனும்

எங்கள் மாமாவின் வேன் எங்கே வருகிறது என்று முதுநகரில் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே தெருவுக்கே கேட்டுவிடும். கழுத்தைப் பிடித்து நெரிக்கிற மாதிரி இழுத்து இழுத்து ஒரு கீச்சுச் சத்தம். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். சத்தம் கேட்டால் வண்டி வெடித்துவிடுமோ என்று பயம். கேட்காவிட்டால் மாமா வழியில் எங்காவது கவிழ்ந்து கிடக்கிறாரோ என்று பயம். பின்னாளில் அஞ்சாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பயப்படுவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

“துறைமுகத்துல கப்பல் ஊதுதுன்னு ஓடிப்போயிப் பாத்தேன், நீதான் வர்ற மச்சான்” என்பார் என்னைப் பெற்ற அத்தா.

மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. கல்யாணமான புதிது. வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பழைய வேனை வாங்கியிருந்தார். கத்துகிற வண்டியில் யார் ஏறுவார்கள்? பினாங்கில் கடை வைத்திருந்த உறவுக்காரர் ஒருவர் வேறு, நீ மட்டும் வந்து சேர்ந்துகொள் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு சவாரி வந்தது. தெருக்கோடி வீட்டுப் பையனுக்குச் சிதம்பரத்தில் நிக்காஹ். அந்த வீட்டுப் பெண்களை ஏற்றிப்போக வேண்டும். முதல் நாள் காலையில் மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து நின்றார்.

“நல்ல காரியத்துக்குப் போறோம் தம்பி. இது ஒப்பாரி வச்சிக்கிட்டே வந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கிக் கத்தாம வந்து நின்னா ஏறுறோம். இல்லன்னா ரயில்ல போயிக்கிறோம்.”

அவர் தலை மறைந்ததும், இதுவும் போச்சென்றால் வண்டியை விற்றுவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிடுவேன் என்றார் மாமா. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெல்ட்தான் கத்துகிறது என்பது ஊரார் கருத்து. மாமாவும் அதையே நம்பிப் புது பெல்ட் மாட்டிப் பார்த்தார், சோப்பு தேய்த்துப் பார்த்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது அம்மாவின் கருத்து. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு செம்புத் தண்ணீரை ஓதி வாங்கி வந்தாள். மாமா சீட்டில் உட்கார்ந்து இஞ்சினை முடுக்க, அம்மா பிஸ்மி சொல்லி, ஓடுகிற பெல்ட்டின் மேல் தண்ணீரை ஊற்றினாள். பாதி எங்கள் முகத்தில் தெறித்தது. சத்தம் இம்மியும் அசையவில்லை.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். மாமா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“என்னா புள்ள?”

“ஓதின தண்ணிக்கே அடங்கல மாமா. உள்ளாற இருக்கறது பெரிய ஷைத்தான்.”

“தண்ணி பட்டப்பகூட கொறையலயா? கொஞ்சங்கூடவா?”

“இல்ல. அப்பிடியேதான் கத்துச்சி.”

மாமா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே நின்றுவிட்டது. பெல்ட் வழுக்கிக் கத்தினால், நனைந்ததும் ஒரு நொடியாவது சத்தம் மாற வேண்டுமாம். மாறவில்லை என்றால் கத்துவது பெல்ட்டே இல்லை. சீட்டில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. பயந்து காதைத் தீட்டி வைத்திருந்த எனக்குத் தெரிந்தது.

அவசரமாக பெல்ட்டைக் கழற்றிப்போட்டு இஞ்சினை ஓட்டினார். கீச்சுச் சத்தம் அறவே இல்லை. அணைத்துவிட்டு, பெல்ட் சுற்றிப் போகிற சக்கரங்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சுழற்றினார். விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றியது. டைனமோவும் அப்படியே. பெல்ட்டைத் தொய்யவிடாமல் அழுத்திப் பிடிக்கிற ஒரு சின்னச் சக்கரம் மட்டும், மண் விழுந்த திருகை மாதிரி கரகரத்தது. உள்ளே பேரிங் தேய்ந்து போயிருந்தது.

மாமா சக்கரத்தை லுங்கி மடிப்பில் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். அங்கே விசைப்படகு இஞ்சின் பழுது பார்க்கிற பட்டறையில், ஓட்டை இஞ்சின்களைக் கிளறி அதே அளவில் ஒரு சக்கரம் பிடித்து வந்தார். மாட்டினார். பெல்ட்டைப் பூட்டிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து இறுக்கினார். சாவியைத் திருப்பினார். அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்த வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பனார் பானெட்டின் மேல் காதை வைத்தே கேட்டுவிட்டார். பிறகு வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் வரிசையாக ஏறினார்கள். சிதம்பரம் போய், அடுத்த நாள் திரும்பி வந்தது வேன். வாசலில் வந்து நிற்கும்வரை தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டார் தங்கள் வீட்டில் வைக்கிற கல்யாண விருந்துக்கும் அதே வண்டிதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். “ஒரு கொரலாவது குடுத்துட்டு வா மச்சான், பயந்துட்டேன்” என்றார் அத்தா. எல்லாம் ஓதிய தண்ணீரால் வந்தது என்றாள் அம்மா. மாமாவும் தலையாட்டினார். யோசித்தால் அவள் சொன்னது பொய்யும் இல்லை.

கப்பல் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் மாமி துப்பட்டி போட்டுக்கொண்டு வந்து, முதல்முறையாக வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறார்களாம். ஷைத்தானைக் கண்டுபிடித்தவள் நான் அல்லவா? ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சத்தமே இல்லாமல் வண்டி போய்விட்டது. நான் தெருவில் நின்று அழுதேன். தினம் பார்க்கிற கடலை இன்னொருதரம் பார்க்க, பத்துப் பேர் உட்காருகிற வண்டியில் ஏன் இரண்டே பேர் போக வேண்டும், அதற்கு அம்மா ஏன் அவ்வளவு சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.