துப்பச் சொன்ன மாஸ்டர்

லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எனக்கு முன்னால் இன்னும் பதினொரு குடங்கள் இருந்தன. கஸ்தூரி அக்கா மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, மாஸ்டர் பூட்டாருமே. காலீல அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே பூட்டாராம்."

வாத்தியாரம்மா என்பது ஏகாம்பரம் மாஸ்டர் எனக்கு வைத்த பெயர். கபடி மைதானத்துக்கும் புத்தகத்தோடு வருகிறவள் என்பதால் அப்படிக் கூப்பிட்டார். பிறகு திருவொற்றியூரில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. வயிற்றில் கட்டியோடு அவர் நான்கு மாதம் பட்ட வலி முடிந்தது என்பது ஒன்று. இன்னொன்று, இரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தவற்றை, அதற்கான பழியை என் தோழி செல்வி சுமந்துகொண்டிருந்த தவற்றை, ஒன்பது நாட்களுக்கு முன்பு அவரிடம் நேரில் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் அன்று அந்த வரிசையில் என்னால் நின்றிருக்க முடியாது.

குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு, பெட்டிக்கடை ஒரு ரூபாய் தொலைபேசியிலிருந்து செல்வி தங்கியிருக்கும் விளையாட்டு விடுதிக்குப் பேசினேன். அவள் கஸ்தூரி அக்காவின் மகள். செய்தியைச் சொன்னேன். "அவர்கிட்ட சொல்ட்டியா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்பாடா," என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

மாஸ்டரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் அவர் பகலில் என்ன வேலை பார்த்தார் என்று நம் அணியில் புதிதாகச் சேர்ந்த தங்கைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மணலிக்குப் போகும் சாலையில் ஓர் எடைமேடையில் இருந்தார். லாரிகளை ஒருமுறை காலியாகவும் ஒருமுறை சரக்கோடும் நிறுத்தி எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். ஐந்து மணிக்கு அங்கிருந்து சைக்கிளில் கிளம்பினால் ஐந்தரைக்குப் பள்ளி மைதானம். சட்டைப் பையில் விசில், கேரியரில் கோடு போடச் சுண்ணாம்புத்தூள், ஹேண்டில்பாரில் தண்ணீர்க் கேன். அந்தக் கேன் காலியாக வந்து நான் பார்த்ததே இல்லை.

செல்வி முதல் நாள் மைதானத்துக்கு வந்தபோது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவளை "நீயும் ஒரு பாட்டு பாடிட்டு வாயேன்" என்று எங்கள் அணித் தலைவி அழைத்தாள். எதிர்ப்பக்கம் ஏறிப் பாடிப் போவதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். செல்வி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். ஒரே மூச்சில் நான்கு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். நான் உட்பட எல்லோரும் கத்தினோம். மாஸ்டர் கத்தவில்லை.

"பாட்டு நல்லா கீது. போய்த் தண்ணி குடி," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மூன்று மாதம் அவர் செய்தது யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று பாட்டுக்கு மேல் செல்வியைப் போகவிட மாட்டார். மீதி நேரமெல்லாம் அவள் வலது மூலையில் நின்று, அணியிலேயே மிக மோசமான ஆட்டக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மோசமான ஆட்டக்காரி நான்தான். எனக்குப் பயத்தில் உள்ளங்கை வியர்க்கும்.

"கைய தொடச்சிக்கமே. வஞ்சிர மீனு மாதிரி வழுக்குது," என்று செல்வி திட்டுவாள்.

அணித் தலைவி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "மாஸ்டர், இவள இன்னாத்துக்குக் கட்டிப் போட்டுக்கீறீங்க?"

"பாடறது அவளுக்குத் தானா வருது. தானா வர்றத நான் இன்னாத்துக்குச் சொல்லித்தரணும்? பக்கத்துல நிக்கறவள பாத்துக்கறது வரல. அத்த கத்துக்கினு வரட்டும்."

அதை அவள் கற்றுக்கொண்டாள். எதிரணிப் பெண் பாடி வரும்போது செல்வி என் விரலை ஒருமுறை அழுத்தினால் நான் பின்னால் போக வேண்டும். இரண்டுமுறை அழுத்தினால் பாய வேண்டும். இந்த ஏற்பாட்டை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தியது செல்வியின் இரண்டு அழுத்தலில்தான். அன்றைக்கு மாஸ்டர் சிரித்தார். என்னைப் பார்த்தல்ல, அவளைப் பார்த்து.

அந்த வருடம் ராயபுரத்தில் பள்ளி மாணவிகளுக்கான ஒரு போட்டி வந்தது. எடை வரம்பு ஐம்பது கிலோ. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் ஒருவர் ஆட்டம் பார்க்க வருகிறார் என்று மாஸ்டர் பத்து நாள் முன்பே எங்களிடம் சொன்னார். விடுதியில் இடம் கிடைத்தால் செல்விக்குச் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் ஒன்பதாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டு மீன் வியாபாரத்துக்கு அழைத்துப்போவதாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. செல்வி ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள்.

"வந்தா வருது, வர்லன்னா வுடு. வளர்ற பொண்ணு. லாரி எட கொறயணும்னா லோடு எறக்கணும். இவகிட்ட எறக்கறதுக்கு இன்னா கீது?" என்று மாஸ்டர் பேச்சை முடித்துவிட்டார்.

நான் முடிக்கவில்லை. குத்துச்சண்டைக்காரர்கள் எப்படி எடை குறைக்கிறார்கள் என்று ஒரு வார இதழில் படித்திருந்தேன். அதை ஒரு தாளில் எழுதி, நாள்வாரியாகக் கோடு போட்டு, செல்வியிடம் கொடுத்தவள் நான்தான். காலையில் அவள் அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓட வேண்டும். சாதம் கிடையாது. கடைசி ஒன்றரை நாள் தண்ணீரும் கிடையாது. தினமும் பள்ளி விட்டதும் ரயில் நிலையத்துக்குப் போய், விளக்கு எரியும் அந்த எடை இயந்திரத்தில் ஒரு ரூபாய் போடுவோம். சிறிய அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஏதாவது ஒரு ராசிபலன். அட்டைகளை, அணிக்காக நான் எழுதிவந்த புள்ளி நோட்டிலேயே கடைசிப் பக்கங்களில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். எடை எழுதிய பக்கம் மேலே தெரியும்படி, தேதி போட்டு, அழகான கையெழுத்தில்.

நான்காவது நாள் செல்வி நடைமேடையில் உட்கார்ந்துவிட்டாள். "தல சுத்துதுமே," என்றாள். "இன்னும் அரைக் கிலோதான்," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள். அந்தப் பார்வைதான் இரண்டு வருடமும் என்னைத் தூங்கவிடாதது.

போட்டியன்று எடை பார்க்கும் மேசையில், "நாப்பத்தொன்பதே முக்கால். அடுத்த பொண்ணு," என்றார்கள். நான் துள்ளினேன். மாஸ்டர் செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையசைத்துக் கூப்பிட்டார்.

"செல்வி, இங்க வா. துப்பு."

"இன்னா மாஸ்டர்?"

"மண்ணுல துப்புமே."

அவள் முயன்றாள். உதடு குவிந்தது, சத்தம் வந்தது, வேறெதுவும் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். உதட்டின் ஓரத்தில் வெடிப்பு இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். மாஸ்டர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பெயர்ப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

"மாஸ்டர், ஹாஸ்டல் சாரு வந்துகினு கீறாரு மாஸ்டர்," என்று செல்வி கெஞ்சினாள்.

"வாயில எச்சியே இல்ல. பாட்டு எங்கேர்ந்து வரும்? பாதி மூச்சுல வுழுந்தீன்னா அந்த சாரா வந்து தூக்குவாரு?" கேனைத் திறந்து மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார். "கொஞ்சம் கொஞ்சமா குடி. கட கடன்னு குடிக்காத." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரம்மா, நோட்ட இங்க வெச்சிட்டு உள்ள போ. நீதான் எட்டாவது ஆளு."

களத்தில் ஏழு பேர் வேண்டும்; எங்கள் அணியில் இருந்ததே எட்டுப் பேர். செல்வி இல்லாத இடத்தில் நான் ஆடினேன். என் விரலை அழுத்த யாரும் இல்லை. போகக் கூடாத நேரத்தில் பாய்ந்தேன், பாய வேண்டிய நேரத்தில் நின்றேன். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். விடுதிக்காரர் பாதி ஆட்டத்திலேயே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கஸ்தூரி அக்கா எங்கள் எல்லோர் முன்னாலும் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். "எட சரியாகீதுன்னு அவங்களே சொல்ட்டாங்க. நீ இன்னாத்துக்கு நைனா என் பொண்ணு பேர அட்ச்ச? லாரி எட பாத்துப் பாத்து உனுக்கு மன்சன் எட தெரியலியா?"

"திட்டிக்கோமா," என்றார் மாஸ்டர். "வூட்டுக்குப் போய் அவளுக்குக் கஞ்சி ஊத்து. உப்பு போட்டு."

யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று அணித் தலைவி கேட்டபோது, "நானேதான்," என்றாள் செல்வி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால், அட்டை ஒட்டிய பக்கங்கள் இல்லை. செல்வி கிழித்துவிட்டாள், என்னைக் காப்பாற்றக் கிழித்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் கிழித்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அப்போது இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

மாஸ்டர் மறுநாள் மைதானத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்வியை மறுபடி என் பக்கத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான். செல்வியின் படிப்பை நிறுத்தாமல் இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கஸ்தூரி அக்காவிடம் நான்கு முறை போய் வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் எடை வரம்பு இல்லாத பிரிவில் செல்வி ஆடினாள். அப்போது அவள் ஐம்பத்தாறு கிலோ. அதே விடுதிக்காரர் வந்திருந்தார். அவர் வருகிறார் என்பதை ஆட்டம் முடியும்வரை மாஸ்டர் எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. இடம் கிடைத்த செய்தியோடு செல்வி ஓடி வந்தபோது அவர் கேட்டது, "தண்ணி குடிச்சியா?" என்பதுதான்.

அவள் விடுதிக்குப் போன பிறகும் என் பாரம் குறையவில்லை. மாஸ்டரிடம் சொன்னால் நோட்டை என்னிடமிருந்து வாங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் மருத்துவமனையில் படுத்த பிறகு, நான் சொல்வதற்குள் போய்விடுவாரோ என்று வேறொரு பயம் வந்தது. செல்வி விடுதியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: நீ சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீ சொன்னால் நன்றாக இருக்கும்.

அரசு மருத்துவமனையின் பொது வார்டில், அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்கோட்டு, தண்ணீர், அட்டை, "இன்னும் அரைக் கிலோதான்" என்று சொன்னது வரை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் மனைவியிடம், "அந்த மஞ்சப் பைய குடு," என்றார்.

பையிலிருந்து ஒரு பழைய எடைச்சீட்டு உறை. உறைக்குள் என் நோட்டின் இரண்டு தாள்கள், ஐந்து அட்டைகளோடு.

"அன்னிக்கே தெரியும். நீ உள்ள ஆடிக்கினு கீற, புள்ளி எழுத நோட்டத் தொறந்தேன். உன் கையெழுத்து எனுக்குத் தெரியாதா?"

"ஏன் மாஸ்டர் கேட்கவே இல்லை?"

"தோத்த அன்னிக்கு எல்லாருக்கும் திட்றதுக்கு ஒரு ஆளு வேணும். அந்தத் தாளு எவ கையிலனா மாட்டியிருந்தா உன்ன வுட்டிருப்பாளுங்களா? அதான் கிழிச்சி வெச்சிக்கினு திட்ட நானே வாங்கிக்கினேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உன்ன கேட்டிருந்தா நீ நோட்ட வெச்சிட்டுப் பூட்டிருப்ப. அவள திட்டியிருந்தா அவ கூடையத் தூக்கியிருப்பா. எனுக்கு ரெண்டு பேரும் வேணும்."

நான் அழுதேன். அவர் மனைவி ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

"தப்பு என்னுதும்தான் வாத்தியாரம்மா. ஹாஸ்டல் சாரு வர்றாருன்னு பத்து நாளு முன்னாடி நான் சொல்லியிருக்கவே கூடாது. சின்ன வண்டில அவ்ளோ லோடு ஏத்திட்டேன். தெனம் லாரிக்காரன கேள்வி கேக்கறவன் நானு." சிரிக்க முயன்றார். "எடுத்துக்கினு போய் ஒட்டு. நோட்டு முழுசா இருக்கணும்."

அவரை எடுத்துச் சென்ற அன்று செல்வி பேருந்திலிருந்து நேராக வந்தாள். வீட்டு வாசலில் நெரிசல். அதில் நுழைந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அவரைத் தூக்கியபோது நான் வழியை மறித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன். என் விரலை யாரோ ஒருமுறை அழுத்தினார்கள். நான் பின்னால் நகர்ந்தேன். மாஸ்டர் எங்களைக் கடந்து போனார்.

தாள்களை நோட்டில் திரும்ப ஒட்டிவிட்டேன். அது என்னிடம் இருக்கிறது. அவரது தண்ணீர்க் கேனை அவர் மனைவி அணிக்கே கொடுத்துவிட்டார். சென்ற சனிக்கிழமை ஒரு போட்டிக்குப் போனோம். நோட்டில் எடை என்ற பத்திக்கு முன்னால் இன்னொரு பத்தி கோடு போட்டிருந்தேன். எடை பார்க்குமுன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, துப்பச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புக்காரி, "சீ, கலீஜ்க்கா," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பினாள். கடைசியாக நானும் துப்பினேன்.

எட்டுப் பேருக்கும் எச்சில் இருந்தது. எட்டு இடத்தில் சரி என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மேசைக்குப் போனோம்.