ஐந்து வருடம் அசையாத வால்வு

புஷ்பவள்ளி கீரப்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பி.காம். முடித்து, கல்யாணமாகி, மகள் பிறந்த பிறகு கடலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சாயப்பொருள் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அங்கே லேபில் கெமிஸ்ட். இரண்டு பேரும் சிதம்பரத்திலிருந்து ஆறே முக்கால் பஸ்ஸில் போய்வந்தவர்கள். பதினான்கு வருடப் பழக்கம்.

ஆரம்ப வருடங்களில் ஸ்டோர்ஸில் எல்லாம் துண்டுச்சீட்டுதான். யாராவது வந்து ஒரு சீட்டை நீட்டிப் பொருளை எடுத்துப்போவார்கள். சீட்டு தொலையும், பொருளும் தொலையும். ஒருமுறை பன்னிரண்டு ஸ்டீல் பைப்புகள் காணாமல்போனபோது, கேட்டில் தொழிலாளர்கள் எல்லாரும் பார்க்கப் புஷ்பவள்ளியின் பையைக் கொட்டிச் சோதனை போட்டார்கள். டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னார்கள். ஆறு மீட்டர் நீளப் பைப்பைத் தயிர்சாதத்தில் தேடியவர்களை என்ன சொல்வது? அன்று சாயங்காலம் பஸ்ஸில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அதனால் ஈஆர்பி வந்தபோது கம்பெனியில் அதற்காக மகிழ்ந்த ஒரே ஆள் அவர்தான். கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, லாரியில் சரக்கு ஏற்றுவது, எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கட்டிப்போடும் ஏற்பாடு. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ராஜ்கமல் என்ற மேனேஜர் வந்து சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். புஷ்பவள்ளி நோட்டு நிறைய எழுதிக்கொண்டார். ஒன்பதாயிரம் பொருள்களுக்கு எண் போட்டு ஏற்றினார்.

பலன் இருந்தது. மூன்று பிரிவுக்காரர்கள் ஒரே கேஸ்கெட்டுக்குத் தனித்தனியாக ஆர்டர் போடுவது நின்றது. யார் எடுத்தார், எந்த வேலைக்கு என்பது ஒரு நொடியில் தெரிந்தது. நான்கே மாதத்தில் ஒரு ஷிப்ட் இன்ஜினியர் எல்லாவற்றையும் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்து, அவரை அனுப்பினார்கள்.

“இனிமே எவனும் என் பையத் தொறக்க முடியாது சார்” என்றார் பஸ்ஸில். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தொல்லையும் இருந்தது. ஒரு போல்ட் கொடுக்கக்கூட நம்பர் வேண்டும். நெட்வொர்க் போனால் ஃபிட்டர்கள் ஜன்னலில் காத்து நிற்பார்கள். அவர்களில் மூத்தவர் குப்பு. கடலோரக் கிராமத்துக்காரர், கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஸ்பானர் பிடித்தவர்.

“ரெண்டு போல்ட்டு குடும்மா, அப்பறமா ஏத்திக்க.”

“ஏத்தாம குடுத்தா என் தலைதாண்ணா உருளும்.”

“ரொம்பத்தான் ஜாஸ்தி பண்ற” என்று சொல்லிவிட்டு அவர் பீடியைத் தேடிப் போய்விடுவார்.

பிறகு சிவப்புப் பட்டியல் வந்தது. மூன்று வருடம் அசையாத பொருளை எல்லாம் மென்பொருள் தானே சிவப்பாகக் காட்டும். அவற்றைக் கழித்துவிட வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. அதில் ஆசிட் டாங்கின் அடி வால்வுக்கான மாற்று வால்வு இரண்டு இருந்தன. ஐந்து வருடமாக யாரும் கேட்கவில்லை. டாங்கில் இருந்த வால்வு கெடவில்லை, அதனால் கேட்கவில்லை. இது மனிதருக்குப் புரியும்.

புஷ்பவள்ளி ‘கழிக்க வேண்டாம்’ என்று போட்டு, காரணம் எழுதும் கட்டத்தில் ‘அவசரத்துக்கு’ என்று எழுதினார். திரும்பி வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி வந்தது. மூன்றாவது முறை ராஜ்கமல் போன் செய்தார். புஷ்பவள்ளி ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“மேடம், உங்க லிஸ்ட் மட்டும்தான் பெண்டிங். மேல என்னைக் கேக்கறாங்க. அப்ரூவ் பண்ணிடுங்க.”

“அது குஜராத்துலருந்து வரணும் சார். ஒன்றரை மாசம் ஆவும்.”

“தேவைப்படும்போது வாங்கிக்கலாம் மேடம். அதையெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்.”

போனை வைத்தார். ஒப்புதல் பட்டனை அமுத்தினார். இரண்டு வால்வும் பழைய இரும்போடு எடைக்குப் போயின.

பத்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில், ஆசிட் டாங்கின் வால்வு சொட்ட ஆரம்பித்தது. புதிய வால்வுக்கு மென்பொருளில் கோரிக்கை போட்டார்கள். நான்கு பேர் சரி சொல்ல வேண்டும். இரண்டாமவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் இருந்தார். அவர் சரி சொல்லாமல் மூன்றாமவரின் திரைக்கே அது போகாது. புஷ்பவள்ளி ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கெஞ்சினார். டாங்கை நிறுத்தவும் மாட்டோம் என்றார்கள் உற்பத்திப் பிரிவில். ஏற்ற வேண்டிய சரக்கின் தேதியும் அதே மென்பொருளில் நின்றுகொண்டிருந்தது. குப்பு ரப்பர் ஷீட்டைச் சுற்றி கிளாம்ப் போட்டு இறுக்கினார். தினமும் போய் இறுக்கினார். ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு இறுக்கும்போது அது பிய்த்துக்கொண்டது.

வலது கை முழங்கை வரை வெந்துபோனது. வலது கண்ணைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக் குழுவில் லேப் சார்பாக நானும் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் ஒரே ஒரு தாள். வால்வின் எண், கழித்த தேதி, மாலை நான்கு பன்னிரண்டு, ஒப்புதல் தந்தவர்: புஷ்பவள்ளி.

“அமுத்துனது நான்தான்” என்றார் அவர். “யாரு சொல்லி அமுத்துனேன்னும் அதுல இருக்கணுமே சார்?”

ராஜ்கமல் தாளைப் பார்த்தபடியே சொன்னார்: “அதுக்கு அதுல கட்டம் இல்ல மேடம்.”

இரண்டு முறை புஷ்பவள்ளி மறுத்தது வேறொரு பக்கத்தில் பதிவாகியிருந்தது. அதையும் பிரின்ட் எடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் போன் பேச்சை என் காதால் கேட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை. புஷ்பவள்ளி என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

அவரே ராஜினாமா எழுதிக்கொடுக்கும்படி செய்தார்கள். லீவில் போனவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜ்கமல் அடுத்த ஆலையில் இதே மென்பொருளைப் பூட்டப் போய்விட்டார். எங்கள் ஸ்டோர்ஸில் இப்போது அந்த வால்வு ஆறு இருக்கிறது.

கம்பெனியை விட்ட மறுவாரம் புஷ்பவள்ளி குப்புவைப் பார்க்கப் போயிருக்கிறார். இதை அவரே, கணக்கு முடிக்கக் கம்பெனிக்கு வந்த அன்று என்னிடம் சொன்னார். குப்பு வீட்டில் கட்டோடு படுத்திருந்தார். “வந்தியாம்மா, உக்காரு” என்றார். வாசலில் அவர் மனைவி முத்தம்மாள் வழியை மறித்து நின்று கேட்டாராம்:

“நீதான அந்த பட்டன அமுத்துனது?”

“ஆமாக்கா.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதாங்க்கா.”

முத்தம்மாள் வழி விட்டார். புஷ்பவள்ளி வாங்கிப்போன ஆரஞ்சுப் பழப் பையைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புஷ்பவள்ளி இப்போது சிதம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்குப் பார்க்கிறார். போன மாதம் தாழ்ப்பாள் வாங்கப் போயிருந்தேன். இருக்கிறார் என்று தெரிந்தேதான் போனேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி நான் ஏதோ ஆரம்பித்ததும், “எத்தன இன்ச்சு சார்?” என்றார்.

கடை முதலாளி கலியபெருமாள் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். “ஏம்மா, பரங்கிப்பேட்டையிலயும் ஒரு கடை போடப்போறேன், ரெண்டுக்கும் சேத்து அந்த சாப்ட்வேர் போடச் சொல்றாங்க. நீதான் அதுல பழகுன ஆளு. போடலாமா?”

“போடுங்க மொதலாளி” என்றார் புஷ்பவள்ளி. “எது எங்க இருக்குன்னு இங்கருந்தே தெரியும். திருட்டு போவாது. சரக்கு தீர்ந்து போயி நிக்க மாட்டீங்க.”

“கெட்டது ஒண்ணும் இல்லியா?”

“அது கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும். நாமளும் போகப்போக அப்பிடி ஆயிடுவோம்.”

முதலாளி அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். தை மாதம் பூட்டப்போகிறார்களாம். புஷ்பவள்ளி பேரிலும் ஒரு ஐடி போடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. மகள் இலக்கியா பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

தாழ்ப்பாளைத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டிவிட்டு, அடுத்து நின்றவரைப் பார்த்து, “உங்களுக்கு?” என்றார்.